உங்களுக்குத் தெரியுமா? தாய்லாந்துக்குப் பெட்டி கட்டும் முன்

தாய்லாந்துக்கு எந்த மாதம் போகலாம் என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 'நவம்பர்' என்பார்கள். அதை நம்பி நவம்பரில் கோ சமூய் தீவில் அறை எடுத்தவர் கடலைப் பார்ப்பதைவிட ஜன்னலில் வழியும் மழையைப் பார்ப்பதுதான் அதிகம். அங்கே ஆண்டிலேயே பெருமழை கொட்டும் மாதம் அதுதான்!

★

அந்த நாட்டுக்கு இரண்டு கடல், இரண்டு மழை. மேற்கே அந்தமான் கடல்: பூகெட், கிராபி, பீ பீ தீவுகள். இங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. கிழக்கே தாய்லாந்து வளைகுடா: சமூய், பங்கான், தாவ் தீவுகள். இங்கே அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கேரளத்தில் ஜூனில் கொட்டும்போது சென்னை வேர்த்துக் கிடக்கிறதே, ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் அடைமழை பெய்கிறதே, அதே கணக்குதான். வெள்ளைக்காரப் பயணிக்கு இதைப் படம் வரைந்து விளக்க வேண்டும். நமக்கு 'பூகெட் என்பது கொச்சி, சமூய் என்பது நாகப்பட்டினம்' என்று சொன்னால் போதும். மழையும் அப்படி, பயணத் திட்டமும் அப்படி: ஜூன், ஜூலை, ஆகஸ்டில் போனால் சமூய், டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறைக்குப் போனால் பூகெட், கிராபி. டிசம்பரில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், அதற்கு வழியில்லை.

★

நம் கோடை விடுமுறையில் வடக்கே சியாங் மாய் மலைக்குப் போய்க் குளுகுளுவென்று இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் வயல் தாள்களை எரிப்பார்கள். காட்டுத் தீயும் சேர்ந்துகொள்ளும். சுற்றிலும் மலை என்பதால் புகை வெளியேறாமல் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். உலகிலேயே மோசமான காற்றுள்ள நகரங்கள் என்று அந்த வாரங்களில் வரும் பட்டியல்களில் சியாங் மாய் முன்வரிசையில் நிற்கும். ஆஸ்துமாக்காரர்கள் நவம்பர், டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

★

தாய்லாந்தின் ஆகப் பெரிய சிகரம் தோய் இந்தனோன். உயரம் 2,565 மீட்டர். நம் தொட்டபெட்டா இதைவிடக் கொஞ்சம் உயரம் என்பதை அங்கே போய் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

★

அங்கே கடையில் பால் பாக்கெட் வாங்கினால் காலாவதி ஆண்டு 2569 என்று இருக்கும். பயப்படாதீர்கள். புத்தர் ஆண்டுக் கணக்கு அது, நம் ஆங்கில ஆண்டோடு 543-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

★

மாதப் பெயர்களைக் கேட்டால் உங்கள் வீட்டு ஜோசியர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஜனவரி 'மகரா கோம்', பிப்ரவரி 'கும்பா பன்', மார்ச் 'மீனா கோம்', ஏப்ரல் 'மேசா யோன்'. மகரம், கும்பம், மீனம், மேஷம்! பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு ராசி. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு: 31 நாள் மாதங்கள் 'கோம்' என்று முடியும், 30 நாள் மாதங்கள் 'யோன்' என்று முடியும், பிப்ரவரிக்கு மட்டும் 'பன்'. கை முட்டியை மடக்கி எண்ண வேண்டிய அவசியமே இல்லை. 1889-இல் தேவவோங் என்ற இளவரசர் வகுத்த ஏற்பாடு இது. கிழமைகளும் நம் கிரகங்கள்தான்: ஞாயிறு 'ஆதித்', திங்கள் 'சான்', செவ்வாய் 'அங்கான்', புதன் 'புத்'. சனிக்கிழமைக்கு ஊதா, திங்களுக்கு மஞ்சள் என்று ஒவ்வொரு கிழமைக்கும் நிறமும் உண்டு. இப்போதைய மன்னர் பிறந்தது திங்கட்கிழமை. அவருடைய கொடிகள் மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

★

மணி சொல்லும் முறையில்தான் ஏமாந்துபோவோம். பேச்சு வழக்கில் ஒரு நாளை ஆறு ஆறு மணியாக நான்கு துண்டு போடுகிறார்கள். இரவு 7 மணி 'நுங் தும்', அதாவது 'ஒன்று தும்'. இரவு 8 மணி 'இரண்டு தும்'. 'தும்' என்பது முன்காலத்தில் நேரம் அறிவிக்க அடித்த முரசின் ஓசை. பின்னிரவு ஒரு மணிக்கு 'தீ நுங்', 'ஒன்று அடி'. ஓட்டுநர் விரலால் இரண்டு காட்டி 'சோங் தும்' என்றால் மத்தியானம் இரண்டு மணிக்குப் போய் வெயிலில் நிற்காதீர்கள், வண்டி இரவு எட்டுக்கு. எழுதி வாங்கும் டிக்கெட்டில் 24 மணிக் கணக்கு இருக்கும், அதில் குழப்பமில்லை.

இரவுக் காவலாளிக்கு அங்கே 'யாம்' என்று பெயர். நம் யாமம்தான், சாமக்கோடாங்கியின் சாமம்தான்.

★

'சொங்க்ரான்' என்பது 'சங்கிராந்தி'. சூரியன் மேஷத்தில் நுழையும் நாள். நமக்குச் சித்திரை ஒன்று, அவர்களுக்கும் புத்தாண்டு: ஏப்ரல் 13, 14, 15. 2023-இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தெருவில் துப்பாக்கி வைத்துத் தண்ணீர் அடிப்பதுதான் விளம்பரப் படங்களில் வரும். வீட்டுக்குள் நடப்பது வேறு: பெரியவர்களின் உள்ளங்கையில் வாசனை நீரை மெதுவாக ஊற்றி ஆசி வாங்குவார்கள். திட்டம் போடுகிறவர் கவனிக்க வேண்டியது: அந்த வாரம் பாங்காக்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கோயம்பேட்டில் தீபாவளிக்கு முதல் நாள் நின்றவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். ரயில், பஸ் டிக்கெட்டை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், அல்லது நகரை விட்டு நகராதீர்கள்.

★

உள்ளூர்க்காரர்கள் பாங்காக்கை பாங்காக் என்று சொல்வதில்லை. 'குருங் தேப்' என்பார்கள், தேவ நகரம். அது சுருக்கம்தான். முழுப் பெயரை எழுதினால் உலகிலேயே நீளமான ஊர்ப் பெயர். இந்திரன் சொல்லி விசுவகர்மா கட்டிய நகரம் என்பது வரை அதற்குள் வரும். இது வெறும் துணுக்கு இல்லை. ரயில்வே அட்டவணையில் 'பாங்காக்' என்று தேடிக் கிடைக்காமல் போனால் 'குருங் தேப்' என்று தேடுங்கள்.

★

2023 ஜனவரியிலிருந்து நெடுந்தூர ரயில்கள் பெரும்பாலானவை பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை. பாங் சூவில் கட்டிய புது நிலையமான 'குருங் தேப் அபிவத்' தான் இப்போது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை நம்பி ஹுவா லம்போங் போய் இறங்கினால், அழகான பழைய கட்டடத்தைப் பார்த்துவிட்டு ரயிலைத் தவறவிடலாம்.

★

பாங்காக்கிலிருந்து சியாங் மாய் 751 கிலோமீட்டர். மாலையில் ஏறினால் காலையில் இட்லி நேரத்துக்கு இறங்கிவிடலாம், இட்லிதான் கிடைக்காது. தண்டவாளம் மீட்டர்கேஜ். எழும்பூரிலிருந்து மீட்டர்கேஜில் தெற்கே போன தலைமுறைக்கு அந்த ஆட்டம் பழகினதுதான். ஒரு வித்தியாசம்: இரண்டாம் வகுப்பில் கீழ் பெர்த்துக்குக் கட்டணம் அதிகம், மேல் பெர்த்துக்குக் குறைவு. கீழ் பெர்த் அகலமாகவும் இருக்கும், ஜன்னலும் அதற்குத்தான். 'சார், அம்மாவுக்கு முடியலை, கொஞ்சம் மாத்திக்கலாமா' என்ற நம் ஊர்ப் பேச்சுவார்த்தைக்கு அங்கே விலையே வைத்துவிட்டார்கள்.

★

பூகெட்டுக்கு ரயில் கிடையாது. சமூய் தீவுக்கும்தான். இரண்டு பக்கம் போகிறவர்களும் இறங்குவது சூரத் தானி நிலையத்தில். பெயரில் ஏதோ கேட்டது போல இருக்கிறதா? குஜராத்தின் சூரத்தேதான்! 1915-இல் ஆறாம் ராமா மன்னர் அந்தப் பெயரை வைத்தார். ஊருக்குச் சூரத் என்று வைத்துவிட்டு ஆற்றைச் சும்மா விடுவாரா? அதற்கு 'தாபி' என்று பெயர் கொடுத்தார், தபதி ஆறு.

★

மேக்லோங் சந்தையை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தின் மேலேயே காய்கறிக் கடை. ரயில் வரும்போது பந்தலை மடக்கி, போனதும் விரிப்பார்கள். உள்ளூர்ப் பெயர் 'தலாத் ரோம் ஹுப்', குடை மடக்கும் சந்தை. ரயில் நேரம் தெரிந்து போக வேண்டும். மற்ற நேரத்தில் அது நம் ஊர் உழவர் சந்தை மாதிரிதான்.

★

'குவாய் நதிப் பாலம்' பார்க்கக் காஞ்சனபுரி போகிறீர்களா? 1957-இல் அதே பெயரில் படம் வந்து உலகப் புகழ் பெற்றபோது அந்தப் பாலம் குவாய் நதியின் மேல் இல்லை! அது நின்றது மேக்லோங் ஆற்றின் மேல். கதையை எழுதிய பிரெஞ்சுக்காரர் பெயரைத் தவறாகப் பிடித்துவிட்டார். சுற்றுலாப் பயணிகள் வந்து குவாய் எங்கே, குவாய் எங்கே என்று கேட்கத் தொடங்கியதும், 1960 வாக்கில் ஆற்றின் அந்தப் பகுதிக்கு 'குவே யாய்' என்று பெயரை மாற்றிவிட்டார்கள். பாலத்தில் வளைந்த இரும்பு வளைவுகள் பழையவை. நடுவே நேராக இருப்பவை குண்டுவீச்சுக்குப் பிறகு போட்டவை.

பாலத்தில் செல்ஃபி எடுப்பவர்கள் பலருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. 1942, 43-இல் ஜப்பானிய ராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே காட்டை அறுத்துப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல் அதில் இறந்தார்கள். அவர்களுக்கு ஊர் நடுவே வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெயரும் பொறித்திருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் இறந்தது அதைப் போலப் பல மடங்கு. 90,000 வரை என்பது மதிப்பீடு. அதில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து லாரியிலும் கூட்ஸ் வண்டியிலும் ஏற்றிக் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில். காலராவும் பட்டினியும்தான் பெரும்பாலும் கொன்றன. பெயர் பொறித்த கல் அவர்களுக்கு இல்லை. மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி இதை 'நினைவுச் சின்னம்' என்று நாவலாக எழுதியிருக்கிறார். காஞ்சனபுரி போகும் முன் படித்துவிட்டுப் போகலாம்.

அந்தப் பாதையில் 'நாம் தோக்' நிலையம் வரை இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது. மலை விளிம்பை ஒட்டி மரத்தூண்களின் மேல் ஊர்ந்து போகும். ஒரு முன்னெச்சரிக்கை: அந்த ரயில் கிளம்புவது புது நிலையத்திலிருந்து இல்லை, பாங்காக்கில் ஓடும் ஆற்றுக்கு மேற்கே தோன்புரி நிலையத்திலிருந்து.

★

கிராபிக்குப் போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே க்ளோங் தோம் என்ற ஊரில், ஒரு புத்த விகாரையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து 'குவான் லுக் பட்' என்ற மணி மேட்டில் தோண்டக் கிடைத்தவை. அங்கே கிடைத்த ஒரு சிறு உரைகல்லில் தமிழ் பிராமி எழுத்தில் இரண்டே சொல்: 'பெரும்பதன் கல்'. பெரும்பதன் என்ற பொற்கொல்லனின் கல். காலம் கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டு என்கிறார்கள். தன் பொருளில் பெயர் எழுதி வைக்கும் நம் பழக்கத்துக்கு வயது ரொம்ப அதிகம்.

★

பூகெட்டுக்கு வடக்கே தகுவா பா. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். பாதுகாப்பு மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவிடம். ஒன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன இடத்தில் நம் ஆட்கள் செய்த வேலை என்னவென்றால், குளம் வெட்டியது! ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் தலைத்தக்கோலம் இந்தத் தகுவா பா பகுதிதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

★

தகுவா பாவுக்குப் பக்கத்தில் காவோ லாக் கடற்கரை. 2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே சுனாமி அங்கேயும் புகுந்தது. கடலில் நின்ற போலீஸ் படகு எண் 813-ஐ ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தூக்கிப் போட்டது. இப்போதும் தரையிலேயே நிற்கிறது, நினைவுச் சின்னமாக.

★

சிமிலான் தீவுகளுக்கு ஆகஸ்டில் போக ஆசைப்பட்டால் படகே கிடைக்காது. மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பூட்டு. 'சிமிலான்' என்பது மலாயில் ஒன்பது, ஒன்பது தீவுகள். பீ பீ தீவின் மாயா விரிகுடாவும் இப்படித்தான். 2000-இல் வந்த ஹாலிவுட் படத்தால் புகழேறி, நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் குவிந்து பவளப் பாறைகள் நாசமாயின. 2018 ஜூனில் மூடியதை 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது அங்கே நீந்த முடியாது, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அனுமதியும் கிடையாது. மூடிவைத்த காலத்தில் சுறாக்குட்டிகள் திரும்பி வந்துவிட்டன. மனிதன் வராவிட்டால் கடலுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு!

கடல் பூங்காக்களில் பவளத்தைக் கெடுக்கும் ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் தடை. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை.

★

சைவக்காரர்களுக்கு அத்தியாவசியமான சொல் 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் அது பறக்கும் கடையில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. வெங்காயம் பூண்டும் இல்லை. 'மங்சவிரத்' என்று ஒரு சொல்லும் உண்டு, மாமிச விரதம்தான்; ஆனால் அதில் முட்டை வரலாம். 'காய்கறி மட்டும்' என்று கையால் காட்டினால் போதாது. நம் சாம்பாரில் பெருங்காயம் போல அவர்கள் எல்லாவற்றிலும் மீன் சாறு விடுவார்கள். பப்பாளிக்காய் சாலடில் கூட. 'மாய் சாய் நாம் பிளா' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மீன் சாறு போடாதே.

பூகெட்டில் ஒன்பது நாள் ஜே திருவிழா நடக்கும். சீனப் பஞ்சாங்கத்தின் ஒன்பதாம் மாதப் பிறப்பில் தொடங்கும். பெரும்பாலான ஆண்டுகளில் நம் நவராத்திரியும் அதே நாட்களில்தான் விழும். கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு ஊர்வலம் வருவார்கள், தீ மிதிப்பார்கள். பழநிப் பாதயாத்திரை பார்த்தவர்கள் அசரமாட்டார்கள்.

★

பாங்காக் சீலோம் சாலையில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பியது. டாக்சிக்காரரிடம் மாரியம்மன் என்றால் விழிப்பார். 'வாட் கேக்' என்றால் நேரே கொண்டுபோய் விடுவார். 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர், அரபியர், மலாய்க்காரர் எல்லாரையும் அந்த ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். கும்பிட வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் தாய், சீன முகங்கள்தான்.

★

வெள்ளைக்காரருக்கு 'ஃபரங்'. கொய்யாப்பழத்துக்கும் 'ஃபரங்' என்றே பெயர், வெளியிலிருந்து வந்த பழம் என்பதால். சிரிக்க வேண்டாம், நாமும் அதே பரங்கியரை வைத்துப் பூசணிக்குப் 'பரங்கிக்காய்' என்று பேர் சூட்டியவர்கள்தானே?

★

பாங்காக்கின் நடுவே இரண்டு பெரிய சிவப்புத் தேக்குத் தூண்கள் ஊஞ்சல் கால் மாதிரி நிற்கும். ஊஞ்சல்தான், ஆனால் ஊஞ்சல் பலகை இல்லை. 1784-இல் நிறுவியது. அவ்வளவு உயரத்தில் ஆடிக்கொண்டே கம்பத்தில் கட்டிய பண முடிப்பை வாயால் கவ்வ வேண்டும். 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். விழாவின் பெயர் 'திரியம்பவாய்', அதாவது திருவெம்பாவை! பக்கத்திலுள்ள தேவஸ்தானத்தில் அரண்மனைப் பிராமணர்கள் அந்த வழிபாட்டை இன்னும் நடத்துகிறார்கள். பாடுகிறவர்களுக்குப் பொருள் மறந்துவிட்டது, ஓசை மட்டும் பல நூற்றாண்டு தாண்டி வந்திருக்கிறது. இரண்டு நிமிட போட்டோவுக்கு அங்கே நிறுத்தும் டூர் பஸ்களில் வழிகாட்டிகள் இதைச் சொல்வதே இல்லை.

★

அரண்மனை வளாகத்து மரகத புத்தர் கோயிலைச் சுற்றி 178 சுவரோவியங்களில் ராமாயணம் ஓடுகிறது, தாய் மொழியில் 'ராமகியன்'. நம் அனுமார் பிரம்மச்சாரி. அவர்கள் அனுமார் பெரிய காதல் மன்னன். பாலம் கட்டப் போன இடத்தில் ராவணன் மகளான தங்க மச்சக்கன்னியையே மயக்கிவிடுகிறார். பாட்டியை அழைத்துப் போனால் அந்த ஓவியத்தை வேகமாகக் கடந்துவிடலாம். அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள், அதையும் சொல்லிவைக்கிறேன்.

★

'பாட்' என்பது பணம் மட்டுமில்லை, தங்கத்தின் எடையும்கூட. நகைக் கடையில் ஒரு பாட் என்றால் 15.16 கிராம், இரண்டு சவரனுக்குச் சற்றுக் குறைவு. தரம் 96.5 சதவீதம், நம் 916-ஐ விடக் கூடுதல். பாங்காக்கின் யாவ்வராத் தெருவில் வரிசையாகச் சிவப்பு வண்ணக் கடைகள். திரும்பி வரும்போது நம் சுங்க வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

★

கீழே விழுந்த பாட் நோட்டு காற்றில் பறக்கிறது என்று காலால் மிதித்துப் பிடிக்காதீர்கள். மன்னர் படம் இருக்கிறது. அவரை அவமதித்தால் 112-ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லாரும் நிற்கும்போது நீங்களும் நில்லுங்கள். இ-சிகரெட் பையில் இருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், அங்கே தடை.

★

பைக் வாடகைக்கு எடுக்காதவர் குறைவு. கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கை விரித்துவிடும். கால்கட்டோடு விமானம் ஏறுகிறவர்களை பூகெட்டில் அடிக்கடி பார்க்கலாம். பேசாமல் 'சொங்தேவ்' ஏறுங்கள். 'இரண்டு வரிசை' என்று பொருள். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட வண்டி, நம் ஷேர் ஆட்டோவின் பெரியப்பா பிள்ளை.

★

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் நாளிலிருந்து ஆன்லைன் வருகை அட்டை கட்டாயம். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

★

பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள், நடுவே ஊரும் அதன் நெரிசலும். டோன் முவாங் 1914-இல் தொடங்கியது, சலுகை விமானங்கள் அங்கேதான் அதிகம். புதியது சுவர்ணபூமி, 2006-இல் திறந்தது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவதாக இருந்தால் நடுவே நாலைந்து மணி நேரமாவது விடுங்கள். சுவர்ணபூமியிலிருந்து ஊர் திரும்புகிறீர்களா? புறப்பாட்டுப் பகுதியில் வாசுகியைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு தேவரும் அசுரரும் பாற்கடல் கடைவார்கள், ஆளுயரத்துக்கும் பெரிய சிலைகள். சென்னை விமானத்துக்கு அழைப்பு வரும் வரை அதன் முன்னால் உட்கார்ந்து எந்தப் பக்கம் யார் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்கலாம்.